காணும்

எங்கள் ஊரில் ஒருவர் கறிச்சட்டியும் அகப்பையுமாகப் பக்கத்தில் வந்து நின்றால் "காணும்" என்று சொல்ல வேண்டும். (இந்தியாவிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு: காணும் என்றால் போதும்.) முதலாவது "காணும்" மரியாதைக்கு. அதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை, ஓர் அகப்பை விழும். இரண்டாவது வெட்கத்துக்கு. அதற்கும் அரை அகப்பை விழும். மூன்றாவது தடவை கோப்பைக்கு மேலே இரண்டு கையையும் விரித்துப் பிடித்து "ஐயோ, காணும் மாமி!" என்று கத்தினால்தான் மாமி அடுத்த ஆளிடம் போவா. போகும்போதும் "நீ ஒண்டும் சாப்பிடேல்லை" என்று ஒரு குறையைச் சொல்லிவிட்டுத்தான் போவா.

இப்படி நாற்பது வருசம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, அந்தச் சொல் வயிற்றுக்குள் எப்படி இருக்கும் என்று தெரியாது. தெரியாது என்பதே 2014 ஆடி மாதம் சென்னையில், சாப்பாட்டு அட்டவணை எழுதித் தருகிற ஒரு பிள்ளை கேட்ட கேள்வியில்தான் தெரியவந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். "சாப்பிடும்போது போதும்னு எப்ப மேடம் தோணும்?" என்று கேட்டார். நான் யோசித்துவிட்டு, "சட்டி முடியேக்கை" என்றேன். அவர் சிரித்தார். நான் பகிடி விடவில்லை.

அப்போது என் நிறை 108 கிலோ. உயரம் ஐந்தடி இரண்டங்குலம். உடற்திணிவுச் சுட்டி (பிஎம்ஐ) 44க்குக் கிட்ட வந்தது. அந்தளவு வந்தால் சத்திரசிகிச்சை பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள். சீனி வருத்தம், பிறஷர், முழங்கால் நோ எல்லாம் இருந்தன. வீட்டில் தராசு இல்லை. நான் கணக்கெழுதுகிற கூட்டுறவுச் சங்கத்தில் நெல் நிறுக்கிற தராசு ஒன்று உண்டு. சனிக்கிழமைகளில் ஆட்கள் போனபிறகு களஞ்சியக் கதவைச் சாத்திவிட்டு அதில் ஏறிப் பார்ப்பேன். உரப்பை ஒன்று 50 கிலோ. நான் இரண்டு உரப்பையும் அதற்கு மேலே ஒரு எட்டுக் கிலோவும்.

அதற்கு ஐந்து வருசம் முன்பு, யுத்தம் முடிந்து சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் இராமநாதன் முகாமில் வைத்து நிறுத்தபோது 49 கிலோ இருந்தேன். இடையில் என்ன நடந்தது என்று பார்த்த டொக்டர்மார் எல்லாரும் கேட்டார்கள். தைரொயிட் சோதித்தார்கள், பிழை ஒன்றும் இல்லை.

நாங்கள் தர்மபுரம் ஆட்கள். 2009 தை (ஜனவரி) 2 ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தபிறகு விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன், கடைசியில் முள்ளிவாய்க்கால். அந்தப் பாதையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் சாப்பாட்டை மட்டும் சொல்கிறேன். உடையார்கட்டு வரைக்கும் சோறும் பருப்பும் இருந்தது. மாத்தளனில் ஒரு நேரம். அதற்குப் பிறகு கஞ்சி. ஒரு பிடி அரிசிக்கு ஒரு பானை தண்ணீர், உப்பு இருந்தால் உப்பு. கடைசி நாள்களில் அதுவும் இல்லை. என் மகனுக்கு அப்போது நாலு வயது. அவன் குடித்துவிட்டுச் சட்டிக்குள் எட்டிப் பார்ப்பான். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

2010 இல் திரும்பி வந்து, தகரம் போட்டுக் குடியிருந்த நாளிலிருந்து என்னால் சட்டியில் ஒன்றையும் மிச்சம் விட முடியவில்லை. பசித்ததா என்றால், இல்லை. இருக்கிறதே என்று சாப்பிட்டேன். கட்டிலுக்குக் கீழே எப்போதும் இரண்டு மூட்டை அரிசி. ஒன்று உடைத்தால் அடுத்த நாளே இன்னொன்று வந்துவிட வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எழும்பி, சோற்றுப் பானை மூடியைத் திறந்து பார்ப்பேன். பார்க்கத்தான் போவேன், ஆனால் பார்த்துவிட்டு மட்டும் வந்ததில்லை. முதல் வருசம் சனம் எல்லாம் "முகத்தில களை வந்திட்டுது பிள்ளை" என்று சந்தோசப்பட்டது. இரண்டாம் வருசம் "உடம்பு வைச்சிட்டாய்" என்றார்கள், அதுவும் புகழ்ச்சிதான். மூன்றாம் வருசத்தில்தான் பேச்சை நிறுத்தினார்கள்.

கனடாவில் இருக்கிற தம்பிதான் காசு கட்டினான். சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கூட அம்மா வந்தா.

அங்கே இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, இரைப்பையின் பெரும் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குழாய் மாதிரி ஆக்குவது. மற்றது வளையம். சிலிக்கனில் செய்த பட்டி ஒன்றை இரைப்பையின் மேற்பக்கத்தில், உணவுக்குழாய் வந்து சேருகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, இடுப்புப்பட்டி மாதிரிச் சுற்றிப் பூட்டுவார்கள். பட்டியின் உட்பக்கம் ஒரு பலூன். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வந்து வயிற்றுத் தோலுக்குக் கீழே புதைத்த ஒரு பொத்தானில் முடியும். பொத்தானில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், இழுத்தால் தளரும். வளையத்துக்கு மேலே மிஞ்சுகிற இரைப்பை ஒரு கோழிமுட்டை அளவுகூட வராது. சாப்பாடு அந்தச் சின்ன அறையில் தங்கி, மெல்ல மெல்லக் கீழே இறங்கும்.

1993 இல் பெல்ஜியத்தில்தான் இந்த வகை வளையத்தை முதன்முதல் துளைவழிச் சிகிச்சையாகப் போட்டார்கள். நான் போன நேரம் அதற்கு மவுசு குறைந்துகொண்டு வந்தது. நிறை குறைவதும் வெட்டுகிற சிகிச்சையில் கூட, அடிக்கடி வந்து ஊசி போடுகிற வேலையும் இல்லை என்று டொக்டர் வெளிப்படையாகவே சொன்னார். வளையம் இடம் வழுகலாம், உள்ளே அரிக்கலாம், சிலருக்குச் சில வருசத்தில் கழற்ற வேண்டி வரும் என்றும் சொன்னார். நான் கேட்டது ஒரே கேள்வி: "கழற்றினால் பழைய வயிறு திரும்பி வருமா?"

"பெரும்பாலும் வரும். ஏன் கேட்கறீங்க?"

திரும்பவும் ஓட வேண்டி வந்து, கிடைக்கிற நேரம் கிடைக்கிறதைச் சாப்பிட வேண்டியிருந்தால் என்ன செய்வது? இதைச் சென்னையில் ஒரு குளிர் அறைக்குள் இருந்து எப்படிச் சொல்வது? "சும்மாதான்" என்றேன். வளையத்துக்குக் கையெழுத்து வைத்தேன். அதனால்தான் இன்றைக்கும் ஒருவருக்கும் "வளையம் போடுங்கோ" என்று நான் சொல்வதில்லை. நான் தெரிவு செய்த காரணம் மருத்துவக் காரணமே இல்லை.

சத்திரசிகிச்சைக்கு முன் இரண்டு கிழமை கொழுப்பும் மாச்சத்தும் குறைத்த சாப்பாடு. ஈரலில் கொழுப்பு ஏறியிருந்தால் அது முன்னால் வந்து இரைப்பையை மறைக்குமாம், அதைச் சுருக்க வேண்டும். சிகிச்சை ஒரு மணித்தியாலம்தான். ஐந்து சின்னத் துளை. அடுத்த நாளே நடக்க விட்டார்கள். தோள்மூட்டில் ஒரு நோ. உள்ளே ஏற்றிய வாயு போகும்வரை இருக்கும் என்றார்கள், போனது. அது ஒன்றும் பெரிய கதை இல்லை.

கதை இரண்டாம் நாள் வந்தது. முதல் நாள் மருந்துக் குப்பி மூடி மாதிரி ஒரு கிண்ணத்தில் தண்ணீர், மிடறு மிடறாக. இரண்டாம் நாள் நேர்ஸ் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். மூடியைத் திறந்தால் வடித்த அரிசிக் கஞ்சி.

2009க்குப் பிறகு எங்கள் வீட்டில் கஞ்சி வைத்ததில்லை. காய்ச்சல் வந்தாலும் இல்லை. பாணை (பிரெட்டை)த் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்போமே ஒழிய, கஞ்சி இல்லை. ஒருவரும் முடிவெடுத்து நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. அம்மா கிண்ணத்தைப் பார்த்தா. பிறகு எழும்பி, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கைகழுவுகிற தொட்டிக்கு நடந்தா. "ஆன்ட்டி, ஆன்ட்டி, அது பேஷண்ட்டுக்கு!" என்று நேர்ஸ் பின்னால் ஓடினார். அம்மா திரும்பி என்னைத்தான் கேட்டா: "இதைக் குடிக்கவோ தம்பி இவ்வளவு காசு கட்டினவன்?"

குடித்தேன். வேறு வழியில்லை, இரண்டு கிழமைக்கு நீர்ச்சாப்பாடுதான். பின்னேரம் டொக்டர் வந்து விளக்கினார். நீராக இருப்பது எதுவும் வளையத்தில் தங்காது, ஓட்டையால் நேரே கீழே போய்விடும். கட்டியான சாப்பாடுதான் மேலே இருந்து இரைப்பைச் சுவரை அமத்தும், அந்த அமத்தல் நரம்பு வழியாக மூளைக்குப் போனால்தான் போதும் என்று தோன்றும். "அதனால கஞ்சி குடிச்ச அரை மணி நேரத்துல பசிக்கும், பயந்துடாதீங்க" என்றார். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கஞ்சி நிற்காது என்று எங்களுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

வரும்போது அட்டவணை எழுதித் தந்தார்கள். முதல் இரண்டு கிழமை நீர், அடுத்த இரண்டு கிழமை மசித்தது, பிறகு மெதுவானது, ஆறாம் கிழமையிலிருந்து எல்லாருக்கும் போல. இட்லி, ரசஞ்சாதம், வெண்பொங்கல் என்று போயிற்று. "புட்டு சாப்பிடலாமா?" என்று கேட்டேன். "கேரளா புட்டா மேடம்?" என்று அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்டது. புட்டுக்கு விடுகிற சொதி (தேங்காய்ப்பாலில் நீராக வைக்கிற குழம்பு) என்றால் என்ன என்று விளங்கப்படுத்தப் பத்து நிமிசம் எடுத்தது. முடிவில், "எதுவா இருந்தாலும் சின்னச் சின்னதா, நல்லா மென்னு, இருபது நிமிஷம்" என்று மூன்று வசனத்தில் முடித்துவிட்டார். எங்கள் சமையலை இந்த மூன்று வசனத்துக்குள் கொண்டுவர எனக்கு ஒன்றரை வருசம் பிடித்தது.

முதல் வந்த சிக்கல் கோப்பை. எங்களுக்குக் கோப்பை என்றால் சாப்பாட்டுத் தட்டு. அம்மா வழக்கம்போலக் குவித்து வைப்பா, நான் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு வைப்பேன், மிச்சத்தை எறிய மனமில்லாமல் அம்மா சாப்பிடுவா. மூன்று மாதத்தில் நான் ஒன்பது கிலோ குறைந்தேன், அம்மா நாலு கிலோ கூடினா. கிளினிக்கில் அவவின் பிறஷரைப் பார்த்துவிட்டு "என்னம்மா, மகளுக்குப் போட்ட வளையம் உங்களுக்கு வேலை செய்யுதோ?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு வந்து, அலுமாரியிலிருந்து விருந்தாளிக்கு வைக்கிற தேத்தண்ணிச் சோசர் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தா. அதில் குவிந்தாலும் இரண்டு மேசைக்கரண்டிதான். இன்றைக்கும் என் கோப்பை அதுதான். நீலப் பூப்போட்டது, விளிம்பு ஓரிடத்தில் உடைந்தது.

அடுத்தது கை. கரண்டியால் சாப்பிடுகிற நாட்டில் எழுதிய புத்திமதி "சின்னக் கரண்டி பாவியுங்கள்" என்று சொல்லும். கையால் சாப்பிடுகிறவளுக்கு அளவு விரல்களில்தான் இருக்கிறது. சோற்றைக் குழைத்தால் கை தன்பாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டிவிடும். சின்ன வயதில் அம்மா உருட்டித் தந்த அளவு அது. அதைக் கச்சான் (நிலக்கடலை) பருப்பு அளவுக்குக் குறைக்க, மூன்று விரல் நுனியால் மட்டும் சாப்பிடப் பழகினேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் வேலையில்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். "பெரிய இடத்துப் பொம்பிளை மாதிரி" என்று இவர் பகிடி பண்ணினார்.

எது இறங்கும், எது இறங்காது என்பது எந்த அட்டவணையிலும் இல்லாத ஒரு பெரிய படிப்பு. பாண்தான் முதல் எதிரி. பஞ்சு மாதிரி இருப்பது எச்சிலில் களியாகி வாசலை அடைத்துவிடும். ஆனால் அதையே தணலில் முறுக வாட்டினால், கால் துண்டு இறங்கும். இடியப்பம் நூல் நூலாகச் சிக்கும், பிய்த்துச் சொதியில் குழைத்தால் பரவாயில்லை. சோறு பொல்லாதது, போன பிறகு ஊதும். ஆட்டிறைச்சி, கணவாய் இரண்டையும் மறந்துவிட்டேன். கோழி நெஞ்சுத் துண்டு காய்ந்தது, கால் துண்டென்றால் கொஞ்சம். முருங்கைக்காயைச் சப்பித் துப்பலாம். பனங்கிழங்குத் தும்பு பக்கம் போகவே கூடாது, அதுதான் எனக்குக் கவலை. மீன் என்றால் கவலையே இல்லை. முல்லைத்தீவிலிருந்து மோட்டார்சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற அண்ணையிடம் விளைமீன் இருந்தால் அன்றைக்கு எனக்குத் திருவிழா. முட்டை, பருப்பு, எருமைத் தயிர். புரதம் முதல், மரக்கறி அடுத்தது, இடமிருந்தால் சோறு. சோற்றைக் கடைசியாகச் சாப்பிடுவது என்பது எங்கள் ஆட்களுக்குத் தலைகீழாக நடக்கிற மாதிரி. நாலாம் மாதம் தலைமயிர் கொட்டத் தொடங்கியபோதுதான் அந்த ஒழுங்கை மதிக்கத் தொடங்கினேன்.

முறிகண்டியில் பஸ் நிற்கும்போது பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்காமல் ஏறுகிறவர்கள் குறைவு. கச்சான் எனக்கு ஆகும் என்று கண்டுபிடித்தபோது வந்த சந்தோசம் கொஞ்சமில்லை. ஒவ்வொன்றாக உடைத்து, பால் ஆகும்வரை மென்று, மாங்குளம் வரை பத்துப் பருப்பு.

இறங்காவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் புதுக்குடியிருப்பில் ஓர் அந்தியேட்டி வீட்டில் படித்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை. சடங்கு முடியப் பின்னேரம் இரண்டரை. பந்தியில் பக்கத்தில் இருந்த சித்தி செத்துப்போன மனுசனின் காணிப் பிரச்சினையைச் சொல்லிக்கொண்டிருந்தா. கதை சுவாரசியம். கை பழைய அளவுக்குப் போனதை நான் கவனிக்கவில்லை. நாலாவது வாய் போனதும் நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு கல் வந்து இருந்தது. அது வலி என்று சொல்ல முடியாது. தண்ணீர் குடித்தால் சரிவரும் என்று கை செம்புக்குப் போனது, அது பெரிய பிழை. கீழே கதவு பூட்டியிருக்கிறது, மேலே தண்ணீர் ஊற்றினால் எங்கே போகும்? வாயெல்லாம் எச்சில் ஊறத் தொடங்கியது. சாதாரண எச்சில் இல்லை, முட்டை வெள்ளைக்கரு மாதிரிக் கட்டியாக, நிற்காமல். அடைத்ததைத் தள்ள உடம்பு தானே சுரக்கிறது. எழும்பிக் கிணற்றடிக்குப் போய், வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாந்தி மாதிரி வராது, புளிப்பும் இருக்காது. வளையத்தைத் தாண்டி இன்னும் கீழே போகாத சோறு அல்லவா, போட்ட மாதிரியே திரும்பி வரும். நூல் நூலாக எச்சில் வாழையடியில் தொங்கிக்கொண்டிருக்க, பின்னால் ஒரு குரல்: "என்ன பிள்ளை, ஏதும் விசேசமோ?" எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பின்னாலேயே ஒரு சின்னப் பெட்டை ஓடிவந்து நெக்டோ சோடாப் போத்தலை நீட்டினாள். வளையம் போட்டவளுக்குக் கொடுக்கக்கூடாத சாமான்களில் வாயு அடைத்த சோடாவும் ஒன்று. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கிணற்றடிக்குப் பிறகுதான் ஒன்றைக் கவனிக்கத் தொடங்கினேன். கல் வந்து இருப்பதற்கு இரண்டு வாய்க்கு முன்னால் உடம்பு ஒரு சின்ன அடையாளம் காட்டுகிறது. எனக்கு அது ஒரு பெருமூச்சு. சில நேரம் மூக்கிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர். வளையம் போட்ட வேறு சிலருக்கு விக்கல் வருமாம், தும்மல் வருமாம். பெருமூச்சு வந்தால் கையை எடுத்துவிட வேண்டும். சோசரில் இன்னும் ஒரு வாய்தானே இருக்கிறது என்று நினைத்தால் வாழைமரம்தான். நாற்பது வருசமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்த சொல், மூக்கு நுனியில் ஒரு சொட்டாக நின்றது.

சிகிச்சை முடிந்து ஆறு கிழமையில் முதலாவது ஊசி. கொழும்பில் ஒரு சேர்ஜன் போட ஒத்துக்கொண்டார். கிளிநொச்சிக்கு 2013 புரட்டாதியிலேயே யாழ்தேவி வந்துவிட்டதால் போவது சுகம், வருவது பெரும்பாலும் இரவு பஸ். எனக்குப் போட்ட வளையம் பத்து மில்லிலீற்றர் கொள்ளும். முதலில் மூன்று, பிறகு இன்னும் ஒன்றரை, பிறகு ஒன்று. 2015 பங்குனியில் நாலாவது ஊசி. இரண்டு மாதமாக நிறை அசையாத பதற்றத்தில், "கொஞ்சம் கூடப் போடுங்கோ டொக்டர்" என்று நானே கேட்டேன். அவர் தயங்கினார், நான் விடவில்லை. ஏற்றிவிட்டு அரைக் கிளாஸ் தண்ணீர் குடித்துப் பார்க்கச் சொன்னார், இறங்கியது. ஆனால் வீக்கம் மெல்லத்தான் வரும். புத்தளத்துக்குக் கிட்ட சாப்பாட்டுக்கு பஸ்ஸை நிற்பாட்டியபோது பிளேன்ரீ ஒரு மிடறு குடித்தேன். அது அப்படியே நெஞ்சுக்குள் நின்று, யோசித்து, திரும்பி வந்தது. அதற்குப் பிறகு என் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. சொப்பின் பை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, எச்சிலைத் துப்பித் துப்பி, இவரும் நானும் அந்தக் கடை வாங்கில் இரவு ஒரு மணிக்குக் கொழும்புப் பக்கம் போகிற பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். காலையில் சேர்ஜன் ஒன்றும் பேசாமல் ஒன்றரை மில்லிலீற்றரை இழுத்தெடுத்தார். தண்ணீர் தந்தார். கிணற்றுக்குள் வாளி விழுகிற மாதிரி அது உள்ளே போய் விழுந்ததை உணர்ந்தேன். வாழ்க்கையில் குடித்த நல்ல தண்ணீர் அது.

"இறுக்கினா மெலியமாட்டீங்க. இறுக்கினா ஐஸ்கிரீம்தான் சாப்பிடுவீங்க" என்று அவர் அப்போது சொன்னார்.

உண்மையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சோறு இறங்காத நாள்களில் ஐஸ்கிரீம் வழுக்கிக்கொண்டு போகும். பின்னேரங்களில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற வானை மகன் மறிப்பான், நான் காசு கொடுப்பேன், இரண்டு கோன் வாங்குவோம். அதைவிடப் பெரிய கள்ளன் தேத்தண்ணி. கந்தோரில் ஒரு நாளைக்கு ஆறு பால் தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. பதினெட்டுக் கரண்டி. கரண்டிக்கு நாலு கிராம் என்றால் 72 கிராம், கிட்டத்தட்ட 300 கலோரி. சோசரில் நான் சாப்பிடுகிற ஒரு நேரச் சாப்பாடுகூட அவ்வளவு வராது. ஊருக்கெல்லாம் உரக் கணக்கு எழுதுகிறவள், என் தேத்தண்ணியை ஒரு வருசம் எழுதவில்லை. சொதியும் அப்படித்தான். கடைசியில் சோற்றில் விட்டு உறிஞ்சிக் குடித்தால், மேலே தங்கவேண்டிய சாப்பாட்டையும் கழுவிக்கொண்டு போய்விடும். சாப்பிடும்போதும் அதற்குப் பிறகு அரை மணித்தியாலத்துக்கும் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று சொன்ன அந்தச் சென்னைப் பிள்ளைக்குச் சொதி தெரிந்திருந்தால் முதலில் அதைத்தான் வெட்டியிருக்கும். தேத்தண்ணியை இரண்டாக்கினேன், சீனியை விட்டேன். சொதியை விடவில்லை, கட்டியாக வைத்து இரண்டு கரண்டி. எல்லாவற்றையும் விட முடியாது.

2017 இல் நெல்லுத் தராசு 79 காட்டியது. அதற்குப் பிறகு ஏறி இறங்கி அங்கேயேதான் நிற்கிறது. இருபத்தொன்பது கிலோ மூன்று வருசத்தில். வெட்டுகிற சிகிச்சை செய்தவர்களில் பலர் ஒரு வருசத்திலேயே இதை எட்டிவிடுவார்கள். வெறுவயிற்றுச் சீனி 190 இலிருந்து 110க்கு வந்தது, மெற்போமின் குளிசை பாதியாகக் குறைந்தது. முழங்கால் கோயிலைச் சுற்ற விடுகிறது. வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கு இரவு முழுக்க நின்றேன்.

ஆனால் மெலிவதை எங்கள் ஊரில் யாரும் நல்ல செய்தியாக எடுப்பதில்லை. "என்ன வருத்தம் பிள்ளை?" என்று கையைப் பிடித்துக் கேட்பார்கள். கான்சர் என்று ஒரு கதையும் ஓடியது. 2009 இல் மெலிந்தவர்களைப் பார்த்த கண்களுக்குக் கன்னம் ஒட்டினால் வேறு ஒன்றும் ஞாபகத்துக்கு வராது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நானே இரவு எழும்பிச் சோற்றுப் பானையைத் திறந்து பார்ப்பதை இன்னும் விடவில்லை. பார்த்துவிட்டு மூடி வைக்கிறேன். கட்டிலுக்குக் கீழே இன்றும் இரண்டு மூட்டை. ஒன்றாக்கிப் பார்த்த மாதம் நித்திரையே வரவில்லை. அதற்கு டொக்டரிடம் ஊசி கிடையாது.

ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்காலை நினைத்துச் சந்திகளில் பொடியன்கள் கிடாரம் வைத்துக் கஞ்சி காய்ச்சி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுப்பார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. அந்த நாள்களில் நான் கந்தோருக்கு உள் ஒழுங்கையால் சுற்றிப் போவேன். இந்த வருசம் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்விட்டு வரும்போது, சந்தியில் அம்மா ஓட்டோவை மறிக்கச் சொன்னா. ஏன் என்று கேட்கவில்லை. எழுபத்தாறு வயது மனுசி, செருப்பை ஓட்டோவிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போய் வரிசையில் நின்றா. நான் பின்னால் போய் நின்றேன்.

கஞ்சி ஊற்றியது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. எப்படிப் பார்த்தாலும் 2009க்குப் பிறகு பிறந்தவள்தான். அம்மாவுக்கு ஒரு சிரட்டை, எனக்கு ஒரு சிரட்டை. சூடாக இருந்தது. குடித்தேன். வளையத்தில் ஒன்றும் தங்கவில்லை, வழமைபோல நேரே போயிற்று.

"அன்ரி, இன்னும் கொஞ்சம் விடட்டோ?"

"காணும் பிள்ளை."

முதலாவது "காணும்"இலேயே அகப்பை நின்றது. எனக்கே புதினமாக இருந்தது. பக்கத்தில் அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு, உதட்டை நக்கிப் பார்த்துவிட்டு, சிரட்டையை அவளிடம் நீட்டினா.

"உப்புக் காணாது."

அந்தப் பிள்ளை மேசைக்குக் கீழே குனிந்து உப்புப் பேணியை எடுத்தாள். பேணி வாய் முட்ட உப்பு இருந்தது.